மூக்கைச் சொறிந்தால் சல்ஃபேட்

பயந்தவன் தப்புச் செய்யமாட்டான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பயந்தவன்தான் தப்பை மிகுந்த அக்கறையோடு செய்வான். மூன்று முறை சரிபார்த்து, துணியால் துடைத்து, மேலே லேபிளும் ஒட்டிச் செய்வான்.

நான் அந்த ரகம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் "சித்தூர்தானே போவுது?" என்று கேட்பேன். பிறகு, கண்டக்டர் சொன்னது உண்மையா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பேன். ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டுக் கணக்குப் பரீட்சையன்று, கேள்வித்தாள் கைக்கு வருவதற்குள் வயிற்றைக் கலக்கிவிட்டது. "சார், வெளிய போய்ட்டு வரேன்" என்று எழுந்து போனவன்தான். இன்னும் உள்ளே போகவில்லை.

அப்படிப் படிப்பை முடித்து(!), நகரிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு, சித்தூரில் ஒரு தனியார் டிகிரி காலேஜின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. டெஸ்ட் ட்யூப் கழுவுவது, ஆசிட் பாட்டில்களை நிரப்புவது, பர்னருக்கு கேஸ் திறப்பது. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஒரு நாளைக்குப் பயப்படுவதற்குத் தேவையான அத்தனை சாமானும் ஒரே அறையில் இருந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி பெயர் கோமளா. புத்தூர்க்காரி, என்னைப்போல் அல்ல, பயம் என்றால் என்னவென்று யாராவது எழுதிக் காட்டினால்தான் புரியும். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்திருந்தாள். "மேல படிக்கணும், பி.எட். பண்ணி டீச்சர் ஆவணும்" என்றாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே டிகிரி காலேஜ், நான் டெஸ்ட் ட்யூப் கழுவிய அதே காலேஜ். அங்கேயே பி.எஸ்ஸி. சேர்ந்தாள். கெமிஸ்ட்ரி எடுத்தாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. 'அட்டெண்டர் பொண்டாட்டிக்கு பேப்பர் லீக் ஆவுது' என்று யாராவது சொல்லிவிட்டால்? நான் டெம்பரவரி ஆள் வேறு. முதல் நாளே சட்டம் போட்டேன்.

"லேப்ல என்ன தெரியாத மாரி இருக்கணும். எல்லாப் பசங்களும் கூப்புட்ற மாரி நீயும் அன்னான்னே கூப்புடு."

"தாலி கட்டின ஆள அண்ணன்னு கூப்ட்டா வாய் வெந்துடும்" என்றாள் கோமளா. "வேணும்னா அட்டெண்டர் காருன்னு கூப்புட்றேன். போதுமா?"

(தெலுங்கில் 'காரு' என்பது மரியாதை. அவள் வாயில் அது என்னவாக இருந்தது என்பதை இன்றுவரை நான் ஆராயவில்லை.)

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. கடைசி வருஷப் பிராக்டிகல் வந்தது. அதுதான் நான் சொல்ல வந்தது.

கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் ஒவ்வொருவருக்கும் பெயர் தெரியாத ஓர் உப்பைக் கொடுப்பார்கள். சோதனை செய்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுதவேண்டும். எந்த நம்பர் பாட்டிலில் என்ன உப்பு என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். இன்சார்ஜ் சார், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டெர்னல், பாட்டிலை நிரப்பும் அட்டெண்டர். முதல் இரண்டு பேரையும் யாரும் அண்ட முடியாது. ஆகவே பரீட்சை வாரம் வந்தால் பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். "அன்னா, சமோசா துன்றியா அன்னா? கொஞ்சம் சூஸுகோ அன்னா, பாத்துக்கோ!" இது நான் உண்டாக்கிய பழக்கம் இல்லை. எனக்கு முன்னாலிருந்த அட்டெண்டர், சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது.

அவர் காதில் சொல்வார். எனக்கு அதற்குத் தைரியம் ஏது? ஆகவே ஒரு முறை வைத்திருந்தேன். தலையைச் சொறிந்தால் குளோரைடு. காதைத் தொட்டால் நைட்ரேட். மூக்கைச் சொறிந்தால் சல்ஃபேட். கொட்டாவி விட்டால் கார்பனேட். (கார்பனேட்டில் ஆசிட் பட்டால் கேஸ் வரும், கொட்டாவியிலும் கேஸ் வரும். பிள்ளைகள் மறக்காமல் இருக்க நானே யோசித்து வைத்தது.) கோமளாவுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அவள் நேர்மையாகவே எழுதட்டும், பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்று.

சனிக்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லா உப்பு பாட்டில்களையும் வரிசையாக வைத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இரண்டாவது தடவை பார்த்தேன். இருந்தது. மூன்றாவது தடவையும் இருந்தது. நாலாவது தடவை பதினாலாம் நம்பர் பாட்டிலைத் திருகும்போது கை வேர்த்து, பாட்டில் நழுவி, சிங்க்கில் விழுந்து, கண்ணாடியும் உப்புமாகப் போயிற்று.

பதினாலு என்பது லெட் சல்ஃபேட். ஈயத்தின் உப்பு. தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூள். ஸ்டோரில் வேறு பாட்டில் இல்லை. உப்புகளின் பட்டியல் கவரில் சீல் போட்டு எக்ஸ்டெர்னலுக்குப் போய்விட்டது, மாற்றமுடியாது. திருப்பதியில் கெமிக்கல் கடைக்குப் போன் போட்டேன்.

"சோமவாரம் வஸ்துந்தி அன்னா" என்றான் கடைக்காரன். திங்கட்கிழமைதான் வருமாம்.

இன்சார்ஜ் சாரிடம் சொல்லலாம். ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்பதாவது கணக்குப் பரீட்சை எவ்வளவோ தேவலை.

அப்போதுதான் சுவரில் இருந்த சார்ட் கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக நான் ஒட்டடை அடித்த சார்ட். 'கார்பனேட்டும் ஆசிட்டும் சேர்ந்தால் உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு.' ஸ்டோரில் லெட் கார்பனேட் இருக்கிறது. சல்ஃப்யூரிக் ஆசிட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் லெட் சல்ஃபேட். நானே செய்துகொள்ளலாம்!

இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அத்தனை வருஷம் மற்றவர்கள் செய்ததைக் கழுவி வைத்தவன் நான். எச்சில் தட்டு கழுவுகிறவன் திடீரென்று அடுப்படிக்குள் போய்க் கரண்டி பிடித்தால் எப்படி இருக்கும்! கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். (மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.) லெட் கார்பனேட் பாட்டில் பழையது. உள்ளே பழைய வெல்லம் மாதிரி இறுகிக் கட்டி கட்டியாக இருந்தது. கரண்டியால் பெயர்த்து, கட்டிகளை அப்படியே பீக்கரில் போட்டேன். தண்ணீர் கலந்த சல்ஃப்யூரிக் ஆசிட்டை மெல்ல ஊற்றினேன்.

உஸ்ஸ்ஸ் என்று பொங்கியது! கோலி சோடா உடைத்த மாதிரி! சார்ட்டில் எழுதியிருந்தது என் கையில் நடந்தது. நான் சத்தியமாகக் கைதட்டினேன். ஒன்பதாவதை விட்டு ஓடியவன், ரேணிகுண்டா ஃபேக்டரிகளில் செய்யும் வேலையை ஒற்றை பீக்கரில் செய்துகொண்டிருந்தேன். 'ஏகாம்பரம், நீ சயின்டிஸ்ட்டுடா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பொங்குவது நின்றது. இன்னும் ஆசிட் ஊற்றினேன். பொங்கவில்லை. கிளாஸில் சார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், 'குமிழ் நின்றால் கார்பனேட் தீர்ந்தது' என்று! ஆனாலும் நான் யார்? பீக்கரிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தனியாக டெஸ்ட் ட்யூபில் போட்டு அதே ஆசிட்டை விட்டேன். குமிழ் இல்லை. இன்னொரு கட்டி. இல்லை. நான்கு கட்டி பார்த்தேன். நான்கும் சாதுவாகக் கிடந்தன. அப்புறம்தான் கழுவி, வடிகட்டி, காயவைத்தேன். கட்டியாக இருந்தால் எக்ஸ்டெர்னலுக்குச் சந்தேகம் வருமே என்று கல்வத்தில் போட்டு ஒரு மணி நேரம் இடித்தேன். கை வலிக்க வலிக்க இடித்தேன். முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி வந்தது. புது பாட்டிலில் போட்டு, அழகாக '14' என்று எழுதி ஒட்டினேன்.

இடித்தபின் சோதிக்கவில்லை. வாழ்நாளில் நான் ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டது அன்று ஒரு தடவைதான்.

வீட்டுக்குப் போனேன். சந்தோஷம் தாங்கவில்லை, சொல்லவும் முடியவில்லை.

"இன்னா, மூஞ்சில பல்பு எரியுது?" என்றாள் கோமளா, நோட்டைப் புரட்டிக்கொண்டே.

"ஒன்னுமில்ல. சும்மா."

"சும்மாவா? நாளைக்கு எனக்கு பரீட்ச, உங்களுக்கு வாந்தி வரணுமே இந்நேரத்துக்கு. ஒழுங்கா துன்னுட்டு படுங்க."

மறுநாள் காலை எக்ஸ்டெர்னல் வந்தார். திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு மேடம். ஒல்லியான உருவம், கையில் குடை. தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசினார். பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி உப்பு எடுத்தார்கள். பதினாலாம் நம்பர் நான்கு பேருக்கு விழுந்தது. மூன்று பையன்கள். நாலாவது கோமளா.

என் வயிறு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது.

பையன்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோமளாவுக்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாக மூக்கைச் சொறிந்தேன். மூவர் முகத்திலும் தீபாவளி.

பத்து நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து குரல். "அட்டெண்டர் காரு, சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சம் குடுங்க."

சுண்ணாம்புத் தண்ணீரா? அது கார்பனேட்டைச் சோதிப்பதற்கு அல்லவா? ஐயோ, இவள் எங்கோ தப்பாகப் போகிறாளே! சட்டத்தைப் போட்ட நானே சட்டத்தை மீறினேன். பாட்டிலை நீட்டிக்கொண்டே மூக்கைச் சொறிந்தேன். அவள் பார்க்கவில்லை. இன்னும் பலமாகச் சொறிந்தேன்.

"மூக்குல இன்னா, ஜலதோஷமா அட்டெண்டர் காரு?" என்றாள். மொத்த லேபும் சிரித்தது.

அவள் உப்பில் ஆசிட்டை விட்டாள். புஸ் என்று பொங்கியது. கேஸைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் பாலாக மாறியது. அதைப் பார்த்த என் முகமும் அதே நிறமாக மாறியிருக்கவேண்டும். கார்பனேட்! என் லெட் சல்ஃபேட்டுக்குள் கார்பனேட் உட்கார்ந்திருக்கிறது!

மத்தியானம் வைவா. மேடம் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று பையன்களும் 'லெட் சல்ஃபேட்' என்று எழுதியிருந்தார்கள். "வெரி குட்" என்று டிக் போட்டார். (ஆசிட் விட்டதும் பொங்கியதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். கண்ணை நம்பவில்லை, என் மூக்கை நம்பினார்கள். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.)

கோமளாவின் பேப்பரைப் பார்த்ததும் மேடம் நெற்றி சுருங்கியது.

"ஏமம்மா இது? லெட் சரி. கார்பனேட்னு எழுதியிருக்கே, கீழே சல்ஃபேட்னும் எழுதியிருக்கே. ஒரு உப்புல ரெண்டு எப்படி வரும்?"

"ரெண்டும் வந்துச்சு மேடம்."

"ரெண்டும் ராது அம்மா, வராது. சிம்பிள் சால்ட் இது. ஏதோ ஒன்னு எழுது. இல்லன்னா மொத்தமும் தப்புன்னுதான் போடணும்."

"வந்தத வரலன்னு எப்டி மேடம் எழுதறது?" என்றாள் கோமளா. "பொங்குச்சு. சுண்ணாம்புத் தண்ணி பாலாச்சு. சல்ஃபேட் டெஸ்ட்டுக்கும் வெள்ளையா இறங்குச்சு. ரெண்டு ரெண்டு தடவ பார்த்தேன்."

மேடம் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா முனை கீழே இறங்கினால் பிராக்டிகல் போச்சு. பிராக்டிகல் போனால் டிகிரி ஒரு வருஷம் தள்ளிப்போகும், பி.எட். கனவும் அதோடு போகும். ஒரு வார்த்தை மாற்றி எழுதியிருந்தால் பாஸ். அவள் மாற்றவில்லை. உண்மையை எழுதிவிட்டு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். பொய்யைப் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டியவன் சிங்க் ஓரமாக ஒளிந்துகொண்டிருந்தான்.

"மேடம்!" என்று ஒரு குரல் கேட்டது. யாரடா இது கத்துவது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததை என் பேச்சு என்று சொல்லக்கூடாது. அணை உடைந்தது என்றுதான் சொல்லவேண்டும். "மேடம், அந்தப் பாட்டில் ஒடைஞ்சிப்போச்சி மேடம், நான்தான் ஒடைச்சேன், கார்பனேட்ல ஆசிட் ஊத்தி நானே செஞ்சேன், சார்ட்ட பார்த்து செஞ்சேன், அந்தம்மா எழுதினதுதான் ரைட்டு" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. மூக்கைச் சொன்னேன். காதைச் சொன்னேன். கொட்டாவியை நடித்தே காட்டினேன். சமோசாவைச் சொன்னேன். போன வருஷம் பிப்பெட் ஒன்று காணாமல் போனதே, அதையும் உடைத்தது நான்தான் என்றேன். (யாரும் அதைத் தேடக்கூட இல்லை.)

இன்சார்ஜ் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அதே பார்வைதான்.

"அந்தப் பொண்ணுக்காக நுவ்வெந்துக்கய்யா, நீ எதுக்கு அழற?" என்று கேட்டார் மேடம். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"என் வூட்டுக்காரம்மா மேடம்."

லேப் மொத்தமும் கோமளா பக்கம் திரும்பியது. பிறகு அந்த மூன்று பையன்களில் ஒருவன், "அய்யோ, நம்ம அன்னா வூட்டு அக்காவா!" என்று தலையில் கைவைத்தான்.

மேடம் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் நான் டெஸ்ட் ட்யூபில் போட்டுப் பார்த்த கட்டிகளில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். முழுக் கட்டியில் ஆசிட்டை விட்டார். ஒன்றுமில்லை. கரண்டியால் அதை இரண்டாக உடைத்து, உடைந்த பக்கத்தில் விட்டார். புஸ்ஸென்று பொங்கியது.

"செப்பம்மா" என்றார் கோமளாவைப் பார்த்து. "ஏன் இப்படி ஆச்சு? உன் வைவா இதுதான்."

கோமளா கட்டியைக் கையில் எடுத்தாள். அவள் கண் மின்னியதைப் பார்க்கவேண்டுமே!

"மேல இருக்கறது சல்ஃபேட் ஆயிடுச்சு மேடம். அது தண்ணியில கரையாது. அதனால தோலு மாரி சுத்தி மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் ஆசிட்டு உள்ள போவ வழியில்ல. உள்ள இருக்கற கார்பனேட் அப்டியே இருக்குது." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மேல செவந்து, உள்ள மாவா இருக்குமே போண்டா, அது மாரி. இவரு அத நல்லா இடிச்சு உள்மாவ வெளிய எடுத்து பாட்டில்ல போட்டுட்டாரு."

எனக்குச் சுரீரென்றது. நான்கு கட்டிகளை நான் சோதித்தேனே, நான்கும் போண்டாத் தோல்! பயத்தில் ஒரு மணி நேரம் இடித்தேனே, அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது!

"சரி, எப்படிப் பண்ணியிருக்கணும்? செய்து சூப்பிஞ்சு, காட்டு" என்றார் மேடம்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் என்றும் மறக்கமாட்டேன். மொத்த வகுப்பும் மேசையைச் சுற்றி நின்றது. கோமளா பழைய லெட் கார்பனேட் பாட்டிலிலிருந்து புதிதாக ஒரு கட்டியை எடுத்து இடித்து, நைட்ரிக் ஆசிட்டில் போட்டாள். பொங்கியது. பொங்கப் பொங்கக் கட்டி கரைந்துகொண்டே போனது. லெட் நைட்ரேட் தண்ணீரில் கரைகிற உப்பு, ஆகவே தோல் போடவே இல்லை. கடைசித் துணுக்கும் காணாமல் போய்க் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் நின்றது. அதை வடிகட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "அட்டெண்டர் காரு, சல்ஃப்யூரிக் ஆசிட்" என்றாள்.

கொடுத்தேன். ஒரு சொட்டு விட்டாள். தெளிந்த தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு புகை இறங்கியது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. பீக்கர் முழுக்க வெள்ளை! யாரோ விசிலடித்தார்கள். கைதட்டியது நான்தான், மறுபடியும்.

"நீ நேத்து கதவச் சாத்திக்கினு கைதட்டினது இதுக்குத்தானா?" என்றார் இன்சார்ஜ் சார். (ஜன்னல் திறந்திருந்ததாம். கதவை மட்டும்தான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.)

கோமளாவுக்கு அந்த வருஷத்தின் மிக உயர்ந்த மார்க். பையன்கள் மூவருக்கும் வேறு உப்பு கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார் மேடம். எனக்குத் தண்டனை, பரீட்சை முடியும்வரை சுவரைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நின்றேன். இரண்டாவது நிமிஷமே மூக்கு அரிக்க ஆரம்பித்தது. சத்தியமாக அரித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஓர் அரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு மணி நேரம், எதிரே அதே சார்ட்டைப் படித்துக்கொண்டு, மூக்கை மேலும் கீழும் சுளித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவன் மெல்லக் கேட்டான். "அன்னா, சுளிச்சா இன்னா அன்னா அர்த்தம்?"

வேலை போகவில்லை. 'இவ்வளவு ஒப்புக்கொள்கிறவனை வெளியே விட்டால் வேறென்னவெல்லாம் சொல்லுவானோ' என்று விட்டுவிட்டார்கள் என்பது கோமளாவின் ஆராய்ச்சி. ஆனால் அன்றிலிருந்து பரீட்சை நாட்களில் நான் லேபில் முகத்துக்கு மேலே கையைத் தூக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கொட்டாவி வந்தால் வராந்தாவுக்குப் போய்த்தான் விடவேண்டும்.

கோமளா இப்போது புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். கரையாத உப்புகள் பாடம் வரும்போதெல்லாம், 'ஒரு ஊர்ல ஒரு அட்டெண்டர் காரு இருந்தாரு' என்றுதான் ஆரம்பிப்பாளாம். நான் பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிடப் போனால் பிள்ளைகள் கொத்தாக மூக்கைச் சொறிகிறார்கள்.

போன வாரம் எங்கள் மகள் அரையாண்டுப் பரீட்சைக்குக் கிளம்பினாள். ஒன்பதாவது. அன்று கணக்கு. அவளைவிட எனக்குத்தான் காலையிலிருந்து வயிறு சரியில்லை. வாசலில் நின்று, "எனக்கு ஒரு பயமும் இல்லம்மா, நீ தைரியமா போய்ட்டு வா" என்றேன்.

அவள் பேனாவால் என் சட்டைப் பையைத் தட்டினாள். "நைனா, மேல சல்ஃபேட்டுதான் தெரியுது. உள்ள கொஞ்சம் இடிச்சுப் பார்க்கட்டுமா?"

உள்ளேயிருந்து கோமளா கத்தினாள். "இடிக்கவே வேணாம்டி. கை எங்க போயிருக்குது பாரு!"

பார்த்தேன். மூக்கில் இருந்தது.